எதிர்வீட்டுச் செருப்புகள்

வாசகி கடிதம்

அன்புள்ள மேடம்,

வணக்கம். எனக்கு 33 வயது. சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பி.எட். முடித்து, ஊரிலேயே ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழு வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். கணவர் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறார். 2020இல் கொரோனா வந்தபோது வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று ஊருக்கு வந்தவர், இந்த வருடம் வரை அங்கேயே இருந்தார். ஏப்ரலில் எல்லாரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று மெயில் வந்துவிட்டது. மே கடைசியில் பெங்களூருக்கு வந்தோம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு பெரிய அபார்ட்மெண்ட். 312 வீடுகள். எங்களுடையது 14ஆவது மாடி. பையன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான்.

வந்த புதிதில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. லிப்ட், நீச்சல் குளம், கேட்டில் காவல். தண்ணீர் மட்டும் லாரியில் வருகிறது. கணவர் 7.45க்குக் கிளம்பிவிடுவார். பையனுக்கு 8.10க்கு ஸ்கூல் பஸ். கேட்டில் அவனை ஏற்றிவிட்டு உடனே மேலே ஓடி வந்துவிடுவேன். அங்கே நிற்கிற அம்மாக்கள் கன்னடத்திலும் இந்தியிலும் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு இரண்டும் வராது. மேலே வந்ததும் அம்மாவுக்குப் போன் போடுவேன். ஒரு மணி நேரம் பேசுவேன். பிறகு மூன்றரை மணி வரை யாரும் இல்லை. பசிக்கவே பசிக்காது. இரண்டு மணிக்குப் பையன் மிச்சம் வைத்த இட்லியைத் தின்பேன்.

எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நாலு மாதமாகியும் தெரியவில்லை. வாசலில் ஒரு ஆண் ஷூ, ஒரு பெண் செருப்பு, ஒரு குட்டி ரோஸ் கலர் செருப்பு. அவ்வளவுதான் தெரியும். தமிழில் பேச எனக்கு இருக்கிற ஒரே ஆள் கேட்டுக்கு வெளியே இஸ்திரி போடுகிற அண்ணன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். இஸ்திரி போடத் தேவையில்லாத துணியைக்கூட எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆடி முதல் வெள்ளியன்று எங்கள் வாசலில் ஐந்து புள்ளி வைத்துச் சின்னதாக ஒரு கோலம் போட்டேன். பத்து மணிக்கு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் படம் எடுத்துப் போட்டு, பொது இடத்தை அசுத்தம் செய்யாதீர்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். படத்தில் எங்கள் கதவு எண் பளிச்சென்று தெரிந்தது. கீழே இரண்டு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே வந்து அழுதேன். அதிலிருந்து யார் மணி அடித்தாலும் கதவைத் திறக்கப் பிடிக்கவில்லை. ஆடிப்பூரத் தேரோட்டத்தை அம்மா வீடியோ காலில் காட்டினாள். வடம் பிடிக்கிற சத்தம் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

ஊரில் கடைத்தெருவுக்குப் போனால் நாலு பேராவது 'கணக்கு டீச்சர்' என்று நிறுத்திப் பேசுவார்கள். இங்கே காவல்காரர் '1404 மேடம்' என்கிறார். கணவரிடம் சொன்னால், "எல்லா வசதியும் இருக்கே, இன்னும் என்ன?" என்கிறார். இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பால்கனியில் நிற்க முடியவில்லை. பையனைக் காரணம் இல்லாமல் திட்டிவிடுகிறேன். அவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா? கணவர் மாதம் இரண்டு தடவை இரவு பஸ்ஸில் வந்து போகட்டும். இது நோயா, என் திமிரா? பெயர் போட வேண்டாம்.

1404, பெங்களூரு

ஆலோசகரின் பதில்

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

பெயர் வேண்டாம் என்றீர்கள். உங்கள் ஊர் கூப்பிடுகிற பெயரிலேயே கூப்பிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும். பால்கனியில் நிற்க முடியவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறதா, இல்லை அங்கே நிற்கும்போது 'இல்லாமலே போய்விடலாம்' என்று நினைப்பு வருகிறதா? தலைசுற்றல் என்றால் பயப்பட வேண்டாம். மண்ணோடு ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உயரம் பழக நாளாகும். அந்த இன்னொரு நினைப்பு ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும் இன்று இரவே கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கும் பேசுங்கள். அது மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிகாலை விழிப்பு, பசியின்மை, அழுகை, எரிச்சல் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலே மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு 'மனச்சோர்வு' என்று நான் முத்திரை குத்தக் கூடாது. நேரில் பார்ப்பவர் சொல்லட்டும். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நீங்கள் நகருக்குள் வருகிற அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. போவதற்கு முன் தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு சோதனை எடுத்துவிடுங்கள். அவை இரண்டும் இதே மாதிரி சோர்வாகத் தலைகாட்டும். திமிர் என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஏன் என்றால் இழந்த வீட்டுக்காக மனிதர்கள் துக்கம் காப்பது ரொம்பப் பழைய விஷயம். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்ற நெருக்கடியான பழைய குடியிருப்பை இடித்து, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். பிறகு மார்க் ஃபிரீட் என்ற உளவியலாளர் அந்தக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து பேசி 1963இல் எழுதினார். பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு, யாரோ செத்துப்போனது போன்ற துக்கம் இருந்தது. போன இடத்தில் வீடு முன்னைவிட நன்றாக அமைந்தவர்களுக்கும் அது வந்தது. அவர்கள் தேடியது அந்தத் தெருவை, தெருவில் எதிர்ப்பட்ட முகங்களை. இதைக் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். 'எல்லா வசதியும் இருக்கே' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

கோலத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அது. ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடைத் தண்ணீருக்காகச் சண்டை போட்டிருப்பார். அன்று சாயங்காலமே வேறு ஒருத்தர் முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்திருப்பார். இங்கே நாலு மாதத்தில் அந்தக் கட்டடம் உங்களிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். அதுவும் அசுத்தம் என்ற சொல்லோடு. அதனால் ஒருத்தருடைய குரல் 312 வீட்டின் குரலாக உங்கள் காதில் விழுந்துவிட்டது. கணக்கு டீச்சர் நீங்கள். எழுதியவர் ஒருவர், கட்டைவிரல் போட்டவர்கள் இரண்டு பேர். மீதிப் பேர் கோலத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. கர்நாடகத்தில் பல வீட்டு வாசலில் விடிந்ததும் 'ரங்கோலி' போடுகிறார்கள். அது நமக்கு மட்டும் உரிய வழக்கம் கிடையாது.

நடைபாதையில் எதையும் வைக்கக் கூடாது என்று பல சங்கங்களில் விதி இருக்கிறது. தீ விபத்து நடந்தால் ஓட வழி வேண்டும், ஈரத்தில் யாரும் வழுக்கக் கூடாது என்பதற்காக. அதைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. கதவு எண்ணோடு படம் போட்டது அந்த முறையே இல்லை. உங்களுக்கு வலித்தது நியாயம். சங்கச் செயலாளரை நேரில் பார்த்து, "நிலைவாசல் அகலத்துக்குள் மாவுக்கோலம் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். குழுவில் கேட்காதீர்கள். கூடாது என்று சொல்லிவிட்டால் உள்பக்கம், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். வெள்ளிக்கிழமைக்கு உங்கள் கை ஒரு கோலம் போட்டாக வேண்டும். அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்து மனிதர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் மணமான மாணவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் ஆனார் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் கணக்கெடுத்தார்கள். 1950இல் வெளிவந்த ஆய்வு அது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதிகம் பழகியது ஆச்சரியம் இல்லை. ஆனால் மாடிப்படிக்கும் தபால்பெட்டிக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் கலகலப்பானவர்கள் என்பதால் இப்படி அமையவில்லை. எல்லார் காலும் அந்த வழியாகப் போனது.

உங்கள் கட்டடத்தில் எல்லார் காலும் எங்கே போகிறது? லிப்ட் என்பீர்கள். அங்கே யாரும் நிற்பதில்லை, அவரவர் மாடி வந்ததும் போய்விடுகிறார்கள். ஸ்கூல் பஸ் நிற்கிற அந்தக் கேட்டுதான் உங்கள் தேரடி. தினமும் அதே நேரம், அதே முகங்கள், காத்திருக்கிற பத்து நிமிஷம். அது உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்துதான் தினமும் ஓடி வந்துகொண்டிருக்கிறீர்கள். நாளையிலிருந்து எட்டு மணிக்கே இறங்கிவிடுங்கள். பஸ் போன பிறகும் பத்து நிமிஷம் நில்லுங்கள். சாயங்காலமும் அப்படியே. யாரிடமும் போய்ப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் வாரம் சும்மா நில்லுங்கள், கண் பட்டால் சிரியுங்கள். மூன்றாவது வாரம் யாராவது ஒருத்தர் உங்கள் பையன் பெயரைக் கேட்பார்.

பாஷைக்குக் கூச்சப்படாதீர்கள். கன்னடத்தில் ஒரே ஒரு கேள்வி கற்றுக்கொள்ளுங்கள்: "ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். நம் ஊரில் மாதிரியே அங்கேயும் அதுதான் விசாரிப்பு. அடுத்த பாடங்களை இஸ்திரி அண்ணனிடம் கேளுங்கள். அவர் அந்தக் கேட்டில் வருஷக்கணக்காக நிற்கிறவராக இருந்தால் கன்னடம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவரிடம் போக இஸ்திரி போடத் தேவையில்லாத துணியைத் தேட வேண்டாம். "அண்ணே, இதைக் கன்னடத்துல எப்படிச் சொல்றது?" என்று நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.

அம்மாவோடு பேசுவதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காலை எட்டேகாலுக்கு முதல் வேலையாக ஒரு மணி நேரம் பேசினால், அன்று முழுக்கக் காது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கும், கால் மட்டும் இங்கே இருக்கும். மத்தியானம் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, சாப்பிட்டபடியே கூப்பிடுங்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த மிச்ச இட்லியைத் தின்ன மாட்டீர்கள்.

கணவர் கல்நெஞ்சக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஆபீஸில் காலையிலிருந்து மனிதர்கள். உங்களுக்கு இல்லை என்பது அவர் கண்ணில் படவில்லை. ஊரைவிட்டு உங்களைக் கிளப்பிக்கொண்டு வந்த உறுத்தல் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் வசதிகளைப் பட்டியல் போடுவார்கள். 'எனக்குத் தனியா இருக்கு' என்று சொன்னால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. எண்ணிச் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் மடிவாளா மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கே தமிழ்ச் சத்தம் தானாகக் காதில் விழும். பக்கத்திலேயே சோமேஸ்வரர் கோயில். அதன் சுவரில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பையனை அழைத்துப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்க வையுங்கள். எழுத்து பழையது, சட்டென்று பிடிபடாது. ஆனாலும் ஒரு 'க'வையோ 'ட'வையோ கண்டுபிடித்துவிட்டால் இரண்டு பேருக்கும் அன்றைய நாள் நல்ல நாள்.

ஊருக்குத் திரும்புவதை இப்போது முடிவு செய்யாதீர்கள். மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு எடுக்கிற எந்த முடிவையும் நான் நம்ப மாட்டேன். ஆறு வயதுப் பையனை அப்பாவிடமிருந்து பிரிப்பதும் சின்ன விஷயம் இல்லை. பள்ளி ஆண்டு முடிகிற மார்ச் வரை இருங்கள். மருத்துவரையும் பார்த்து, கேட்டிலும் நின்று, அப்போதும் இதே நிலை என்றால் ஊருக்குப் போவதைத் தோல்வி என்று யாரும் சொல்லக் கூடாது. உங்கள் பக்கம் நானும் பேசுகிறேன். ஆனால் அதற்குள் ஒன்று செய்து பாருங்கள். பக்கத்துப் பள்ளிகளுக்குக் கணக்கு ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் தயார் செய்யுங்கள். அடுத்த ஜூனுக்கு ஆள் எடுக்கிற பள்ளிகள் பல ஜனவரி, பிப்ரவரியிலேயே தேட ஆரம்பித்துவிடும். 312 வீடு இருக்கிற இடத்தில் கணக்கு வராத பிள்ளை பத்துப் பேராவது இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தாலே போதும், காவல்காரர் வாயில் '1404' போய் 'டீச்சர்' வந்துவிடும். கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்தது அந்த எண்தான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போங்கள், திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுவிட்டுப் போங்கள். வரும்போது பால்கோவா அரைக்கிலோ கூடுதலாக வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், கையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்? எதிர்வீட்டு மணியை அடிக்க அது போதும். சங்கராந்திக்குக் கன்னடக்காரர்கள் எள்ளும் வெல்லமும் கலந்து வீடு வீடாகக் கொடுத்து, 'எள்ளு பெல்லம் தின்று நல்லதாகப் பேசு' என்பார்கள். அப்போது உங்கள் கதவும் திறந்திருக்கட்டும்.

ஆறு வாரம் கழித்து எழுதுங்கள். மருத்துவர் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு எப்படி என்று விவரமாக எழுதுங்கள். அந்த ரோஸ் கலர் செருப்புக்காரியின் பெயரையும்.