டைகர்மில்க்: முதல் பதிப்பா, மறுபதிப்பா?
பெல் அண்ட் செபாஸ்டியன் இசைக்குழுவின் 'டைகர்மில்க்' இசைத்தட்டை 1996 பதிப்பு என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

முதலில் அதை வெளியிட்டது கிளாஸ்கோ ஸ்டோ கல்லூரியின் எலக்ட்ரிக் ஹனி என்ற இசை வெளியீட்டு நிறுவனம்; அச்சிட்டதே 1000 தட்டுகள்தான். அப்புறம் 1999இல் ஜீப்ஸ்டர் என்ற நிறுவனம் மறுபடி வெளியிட்டது. புலிப் பொம்மையோடு இருக்கும் பெண்ணின் படம் இரண்டிலும் உண்டு, அதனால் அட்டையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளையும், கடைசிப் பாட்டுக்குப் பின் வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண்ணை, இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். படம் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கேட்டு மகிழத்தான் என்றால் மறுபதிப்பே போதும், அதே பாடல்கள்தான். என்னிடம் இருப்பதும் அதுதான், வாராவாரம் சுழல்கிறது.