பென்டிரைவில் ஸ்டுடியோ அடங்குமா?

எங்கள் பஜனைக் குழுவுக்கு நான்தான் மெட்டமைக்கிறேன். வீட்டில் ஒரு பழைய லேப்டாப் (ஐ5, 8 ஜிபி ரேம்) இருக்கிறது, ஆனால் மகளின் படிப்புக்கான விண்டோஸ் அதில் இருப்பதால் கை வைக்க முடியாது. மென்பொருளுக்குச் செலவழிக்க வசதியில்லை. எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு, நண்பர் வீடோ கோயில் மண்டபமோ, கிடைத்த கணினியில் செருகிப் பதிவு செய்ய வழி உண்டா?
*வாசகர், கும்பகோணம்*

உண்டு. ஆனால் பென்டிரைவை மறந்துவிட்டு, 250 ஜிபி அளவில் ஒரு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி வாங்குங்கள். ஒரு சினிமாவை மொத்தமாகக் காப்பி செய்யும்போது பென்டிரைவ் வேகமாகத்தான் தெரியும், சின்னச் சின்னத் துண்டுகளாக நூறு இடத்தில் எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும். இயங்குதளம் ஓடிக்கொண்டே பாட்டும் பதிவாகும்போது நடப்பது இந்த இரண்டாவது வேலைதான். ஆர்டோர் என்ற பதிவு மென்பொருளில் ஒரு மோனோ டிராக் (ஒரு மைக்கின் பதிவு) 48,000 ஹெர்ட்ஸில், அதன் வழக்கமான 32 பிட் கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்பி எடுக்கும். எட்டு டிராக் ஒரு மணி நேரம் ஓடினால் ஐந்தரை ஜிபி.

அந்த எஸ்எஸ்டியில் எதைப் போடுவது? இசை மென்பொருள்களோடு வரும் இலவச லினக்ஸ் இயங்குதளங்களில், 2007 முதல் வந்துகொண்டிருக்கும் உபுண்டு ஸ்டுடியோ நல்லதுதான். உங்கள் தேவைக்கு நான் ஏவி லினக்ஸைச் சொல்வேன். அது எம்எக்ஸ் லினக்ஸ் அடிப்படையில் வருவதால், லைவ்வாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே, ஓடும்போதே நீங்கள் செய்யும் மாற்றங்களை அதே டிஸ்க்கில் சேமித்து வைக்கும் வசதி கூடவே இருக்கிறது. கணினியின் உள் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். உபுண்டு ஸ்டுடியோவை எஸ்எஸ்டியில் முழுதாக இன்ஸ்டால் செய்யப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தாலும் பூட்லோடர் (இயங்குதளத்தை எழுப்பிவிடும் சிறு நிரல்) சில நேரம் லேப்டாப்பின் உள் டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எஸ்எஸ்டியைப் பிடுங்கிக்கொண்டு போனால் இங்கே விண்டோஸ் நேராக எழும்பாது, அங்கே லினக்ஸும் எழும்பாது. மகள் சும்மா விடமாட்டாள்.

எந்த டிஸ்க்கிலிருந்து எழும்புவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. அறியாத இயங்குதளத்தை எழும்ப விடாத செக்யூர் பூட் தடுத்தால், கணினியின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் அணைக்க வேண்டியிருக்கும். அடுத்தவர் கணினியில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், அதைத் திறக்கும் ரெக்கவரி கீ அவர் கையில் இருக்கிறதா என்று கேட்காமல் பயாஸுக்குள் நுழையாதீர்கள்.

இனி செலவு செய்ய வேண்டிய இடம். மென்பொருளில் மிச்சமாகும் பணத்தை ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) போடுங்கள். 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று பெட்டியிலோ விவரக் குறிப்பிலோ போட்டிருந்தால் போதும், லினக்ஸில் தனி டிரைவர் தேட வேண்டாம், செருகினால் வேலை செய்யும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், பெரிங்கர் யூஎம்சி வரிசைகளைப் பலர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். இரண்டு மைக் செருகும் வாய் உள்ளதாக எடுங்கள், ஒன்று குரலுக்கு, ஒன்று ஆர்மோனியத்துக்கு. கண்டென்ஸர் மைக் என்றால் 48 வோல்ட் பட்டன் அவசியம். எஸ்எஸ்டியும் இன்டர்ஃபேஸும் உங்களுடையதாகவே இருந்தால், எந்த வீட்டுக் கணினியில் செருகினாலும் ஒலி வரும் வழி மாறாது, செட்டிங்கும் மாறாது. கணினியிடம் நீங்கள் கடன் வாங்குவது பிராசசரும் ரேமும் திரையும் மட்டும்தான். பென்டிரைவை மட்டும் தூக்கிக்கொண்டு போய், அங்கே இருக்கும் லேப்டாப்பின் மைக் ஓட்டையை நம்புகிறவர்களுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு இரைச்சல் கிடைக்கும்.

இரைச்சல் என்றதும் இன்னொன்று. பழைய வீடுகளில், மண்டபங்களில் எர்த் சரியாக இருக்காது. ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று அடியில் ஒரு முனகல் வந்தால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டால் பேட்டரியில் ஓட்டி, பாட்டுக்குப் பாட்டு இடையில் சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஃபேனையும் நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

ஆர்டோர் இலவசம் என்றார்கள். இணையதளத்தில் போனால் காசு கேட்கிறதே?
*வாசகி, ஈரோடு*

இரண்டுமே சரி. ஆர்டோரின் மூலநிரல் கட்டற்றது, யாரும் எடுத்துக் கம்பைல் செய்துகொள்ளலாம். ஆனால் விண்டோஸுக்கும் மேக்குக்கும் அவர்களே தயாராகக் கட்டித் தரும் முழுப் பதிப்புக்குச் சிறு தொகை கேட்கிறார்கள். பால் டேவிஸ் 1999 இறுதியில் தொடங்கி இன்றுவரை எழுதிவருகிற மென்பொருள், அந்தப் பணத்தில்தான் அது ஓடுகிறது. உபுண்டு ஸ்டுடியோ போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் காசில்லாமல் கிடைக்கும். பிடித்துப் போய் தினமும் புழங்கினால் கொஞ்சம் கொடுங்கள்.

எல்எம்எம்எஸ் என்ற இசை மென்பொருளில் பீட் எல்லாம் போட்டுவிட்டேன், குரல் பதிவு செய்யும் பட்டனைக் காணோம்.
*கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

இல்லாததைத் தேடுகிறீர்கள். எல்எம்எம்எஸ் 1.2 வரிசையில் மைக்கிலிருந்து பதிவு செய்யும் வசதியே கிடையாது. பீட்டை வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து ஆர்டோரில் போட்டு, அதன் மேல் பாடுங்கள்.

பாடும்போது என் குரல் ஹெட்போனில் தாமதித்துக் கேட்கிறது, தாளம் தப்புகிறது. ரியல்டைம் கர்னல் (தாமதத்தைக் கட்டுப்படுத்த அமைத்த லினக்ஸ் உள்கரு) போட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். போடட்டுமா?
*வாசகர், மட்டக்களப்பு*

முதலில் உங்கள் ஹெட்போன் புளூடூத்தா என்று பாருங்கள். ஆம் என்றால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. புளூடூத்தில் நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் சர்வ சாதாரணம், எந்த கர்னலாலும் அதைக் குறைக்க முடியாது. வயர் உள்ள ஹெட்போனை நேராக இன்டர்ஃபேஸில் செருகுங்கள்.

அடுத்தது பஃபர், அதாவது கணினி ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டின் அளவு. 48,000 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட், உள்ளே வந்து வெளியே போகும்போது அது இரட்டிப்புக்கு மேல் ஆகிவிடும். 128க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 2.7 தான். இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேர்ந்து மொத்தம் பத்து மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் வந்தால் போதுமானது. மேடையில் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் சத்தம் உங்களை வந்தடைய ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது, அதனால் யாரும் தாளம் தப்புவதில்லை.

பஃபரைக் குறைக்கக் குறைக்க பிராசசர் திணறும், 'டிக் டிக்' என்று சத்தம் உடையும். ஆர்டோர் திரையின் மேல்வரிசையில் டிஎஸ்பி (பிராசசர் சுமை) சதவீதத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும், அதுதான் எக்ஸ்ரன் கணக்கு, சத்தம் எத்தனை தடவை உடைந்தது என்பது. அது பூஜ்யத்திலேயே நிற்கும் மிகச் சிறிய பஃபர் எதுவோ அதுதான் உங்கள் பஃபர். பாடி முடித்து மிக்ஸிங் செய்யும்போது மறுபடி 1024க்கு ஏற்றிவிடுங்கள், அங்கே தாமதத்தால் நஷ்டமில்லை.

சரி, கர்னல். 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் கர்னல் 6.12லேயே ரியல்டைம் வசதி மூல லினக்ஸுக்குள் சேர்ந்துவிட்டது, ஆனால் உங்களுக்கு அது இப்போது தேவையில்லை. பவர் செட்டிங்கை 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குவது, பதிவின்போது வைஃபையை அணைப்பது, உங்கள் யூசரை 'ஆடியோ' குழுவில் சேர்ப்பது, இந்த மூன்றையும் செய்த பிறகும் சத்தம் உடைந்தால் நண்பர் பேச்சைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட எளிய வழி, இன்டர்ஃபேஸின் முகப்பில் உள்ள 'டைரக்ட் மானிட்டர்' பட்டன். குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். அதைப் போட்டால் ஆர்டோர் வழியாகக் குரல் திரும்பி வருவதை நிறுத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் இரண்டு குரல் கேட்கும்.

மிஸ்ர சாபுவில் தாள லூப் எப்படி வைப்பது? கீபோர்டில் கமகமும் வர மறுக்கிறது.
*இசை ஆசிரியை, தஞ்சாவூர்*

தாளம் சுலபம். ஹைட்ரஜன் என்ற டிரம் மென்பொருளில் பேட்டர்ன் அளவை 7/8 என்று மாற்றுங்கள். 'தகிட தகதிமி', மூன்றும் நான்கும், ஆக ஏழு எண்ணிக்கை. முதல், நாலாவது, ஆறாவது எண்ணிக்கைகளில் அடி விழட்டும். கூட வரும் மேற்கத்திய டிரம் சத்தம் உங்களுக்குப் பிடிக்காது, பிடிக்கவும் வேண்டாம். மிருதங்கக்காரர் யாரையாவது உட்காரவைத்து தா, தீ, தொம், நம் என்று சொல்லுக்குப் பல அடிகள் பதிவு செய்து, தனித்தனி வேவ் ஃபைலாக வெட்டி, ஹைட்ரஜனில் சொந்த டிரம்கிட்டாக ஏற்றிக்கொள்ளலாம். அது உங்கள் சொந்தப் பதிவு, எந்த ஊருக்கும் உங்களோடு வரும்.

கமகம் அப்படியில்லை. பிட்ச் பெண்ட் சக்கரம் வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு செமிடோன்தான் போகும், பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரு ஜாரு (சறுக்கி ஏறும் கமகம்) போட வேண்டுமானால் ஐந்து வேண்டும். சர்ஜ் எக்ஸ்டி என்ற கட்டற்ற சிந்தசைஸரில் அந்த எல்லையை 12 வரை ஏற்றிவிட்டுச் சக்கரத்தில் பழகுங்கள். சுர இடைவெளிகளை எழுதிவைக்கும் ஸ்காலா ஃபைலும் அது ஏற்கும், சுருதிகளை உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சொன்ன பிறகும் என் கருத்து இதுதான்: தோடியின் காந்தாரத்தை மவுஸால் வளைத்து வளைத்து வரைவதற்கு ஆகும் நேரத்தில் நீங்களே பாடிப் பதிவு செய்துவிடலாம்.

ஊரில் பதிவு செய்ததைச் சென்னையில் மிக்ஸிங் செய்பவருக்கு அனுப்ப வேண்டும். அவரிடம் ஆர்டோர் இல்லை.
*வாசகர், மதுரை*

ஆர்டோரின் செஷனை (மொத்த வேலைக் கோப்புறையை) அனுப்பாதீர்கள். 'ஸ்டெம் எக்ஸ்போர்ட்' கொடுத்தால் ஒவ்வொரு டிராக்கும் பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்து தனி வேவ் ஃபைலாக வரும், எந்த மென்பொருளில் போட்டாலும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். 24 பிட் போதும். அவரிடமே செய்யச் சொல்லப் போகிற ரிவெர்ப், கம்ப்ரஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எஃப்ஏடி32 ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, அதனால் ஜிப் செய்வதானால் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் ஃபார்மட் ஆக்கிக்கொள்ளுங்கள். ஃபைல் பெயரில் 'ஆடியோ 1, ஆடியோ 2' என்று விட்டுவிடாமல் குரல், ஆர்மோனியம், டோலக் என்று எழுதி, பாட்டின் வேகத்தையும் கட்டையையும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு அனுப்பினால் அவர் உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்ய மாட்டார்.