மூத்தவளுக்குப் பெயர் இல்லையா?

கேள்வி: பண்டிகை விடுமுறையில் எங்கள் இளைய மகனுக்காக வீட்டில் குழந்தைகள் கொண்டாட்டம் வைக்கிறோம். அவனுக்கு 3 வயது. வரப்போகும் 14 குழந்தைகளும் 2 வயதிலிருந்து 4 வயதுக்குள் இருப்பவர்கள். மாலை 4 மணி முதல் 7 மணி வரை. அறை முழுவதும் பலூன் கட்டப்போகிறோம். முகமூடி அணிந்து வேடிக்கை காட்டுபவர் ஒருவருக்கும் சொல்லியாகிவிட்டது. போகும்போது கொடுக்க, மின்னும் மோதிரங்கள் போட்ட பரிசுப் பைகள் இருக்கின்றன. கணவர் படம் எடுப்பார். பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருப்போம். மூத்தவளுக்கு 8 வயது, மிகவும் பொறுப்பானவள், சின்னவர்களை அவளே பார்த்துக்கொள்வாள், அந்தக் கவலை இல்லை. என்னென்ன விளையாட்டுகள் வைக்கலாம்? குழந்தைகள் அழாமல் இருக்க என்ன வழி?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். இங்கே சுருக்கித்தான் கொடுத்திருக்கிறேன். பலூன்களின் நிறத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இளையவனின் செல்லப் பெயர் ஒன்பது இடங்களில் வருகிறது. மகளுக்குக் கிடைத்தது ஒரே வரி. அதிலும் அவள் பெயர் இல்லை. "மூத்தவள்" என்று எழுதி முடித்துவிட்டீர்கள். கவலை இல்லை என்று நீங்கள் சொன்ன அந்த ஓர் இடத்தில்தான் எனக்குக் கவலை. விளையாட்டுகளைப் பிறகு பார்ப்போம்.

ஓர் அறையில் 14 சிறு குழந்தைகள்; அவர்களுக்குக் காவல் இன்னொரு குழந்தை. இதை எழுதும்போது உங்கள் கை தயங்கவில்லையா? இங்கிலாந்தின் குழந்தைகள் காப்பகங்களில், 2 வயதுக் குழந்தைகள் 5 பேருக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும் என்பது விதி. 2023 வரை அது 4 பேருக்கு ஒருவர் என்றுதான் இருந்தது. அதுவே தொழிலாக இருப்பவர்களுக்கு வைத்த கணக்கு இது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் வீட்டுக்குப் பெரியவர்கள் மூன்று பேர் வேண்டும்.

உங்கள் பட்டியலில் பலூன் முதலில் நிற்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வெடித்த ரப்பர் பலூனின் துண்டு ஒரு குழந்தையின் வாய்க்குள் போனால், மெல்லிய சவ்வு போலத் தொண்டையில் ஒட்டி மூச்சுக்குழாயை மூடிவிடும். அமெரிக்காவில் விற்கும் பலூன் பாக்கெட்டுகளின் மேல், 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊதாத பலூனாலும் வெடித்த பலூனாலும் மூச்சடைக்கலாம், பெரியவர்களின் கண்காணிப்பு தேவை என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். கவனித்தீர்களா, 8 வயது. உங்கள் மகள் இப்போதுதான் அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறாள். நேற்றுவரை யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னதோ, அவளையே நீங்கள் காவலுக்கு நிறுத்துகிறீர்கள்.

ஏதாவது நடந்தால் அவள் சத்தம் போடுவாள், நாங்கள் ஓடிவருவோம் என்று சொல்வீர்கள். மூச்சுக்குழாய் முழுவதும் அடைபட்ட குழந்தை இருமாது, அழாது, கத்தாது. சத்தமே வராது. மற்ற குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, ஒரு மூலையில் ஒரு முகம் நிறம் மாறும். அதைக் கண்டுகொண்டு, குழந்தையை முன்பக்கம் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை வலுவாகத் தட்டி, அதிலும் வெளியே வராவிட்டால் பின்னால் நின்று வயிற்றை உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்தி, இப்படி மாறி மாறிச் செய்துகொண்டே ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். இது ஒரு வயதைக் கடந்த குழந்தைகளுக்கான முறை. அன்றைக்கு வீட்டில் இருக்கப்போகும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதற்குள் இரண்டு பேராவது முதலுதவி தெரிந்தவர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவில்லை. அந்த அறையில் ஒரு குழந்தை விழுந்து பல்லை உடைத்துக்கொண்டால்கூட, முதலில் எழும் கேள்வி எதுவாக இருக்கும்? "நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" அதை அவளிடம்தான் கேட்பீர்கள். உறவினர்கள் எல்லோரும் நிற்க, அவள் தலைகுனிந்து நிற்பாள். நீங்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் 40 வயது, 50 வயதுப் பெண்கள் இதை எழுதுகிறார்கள். தம்பி கை முறிந்த அந்த மதியத்தை, தன் மேல் விழுந்த பார்வைகளை, அன்று யாரும் தன்னை அணைத்துக்கொள்ளவில்லை என்பதை. அவர்களில் அநேகமாக எல்லோருமே வீட்டின் மூத்த பெண்கள். எல்லோருமே "பொறுப்பானவள்" என்று பெயர் வாங்கியவர்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பாராட்டு போல அதைக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே வேலையையும் கொடுக்கிறோம். அவளும் மறுக்க மாட்டாள். மறுத்தால் அந்தப் பெயர் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தம்பிக்கு அவள் தட்டில் எடுத்து வைக்கட்டும், செருப்பு மாட்டிவிடட்டும், பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளட்டும். அது அவளுடைய பாசம், அழகானது. அதைப் பார்த்துவிட்டு, இவளிடம் வேலையை ஒப்படைத்துவிடலாம் என்று நினைப்பதுதான் தவறு. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றவர்களின் கடமை. உடன்பிறந்தவளுக்கு அந்தக் கடமை கிடையாது, 8 வயதில் நிச்சயமாகக் கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மூத்தது மகனாக இருந்திருந்தால் இந்த வேலையை அவனிடம் கொடுத்திருப்பீர்களா என்றும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அந்த அறையில் தரையில் உட்காரட்டும். அவருடன் இன்னும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளலாம். இப்போது யார் முறை என்பது பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு அவரவர் பெற்றோரில் ஒருவர் அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பலூன் வேண்டாம், வண்ணத் தாள் போதும். மின்னும் மோதிரங்களைப் பைகளிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். அவற்றுக்குள் இருக்கும் பொத்தான் அளவு பேட்டரியை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கினால் 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். முழுக் கொட்டைப் பருப்புகளும் கெட்டி மிட்டாயும் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். எதைக் கொடுத்தாலும் உட்காரவைத்துக் கொடுங்கள். வாயில் உணவோடு யாரும் ஓடக் கூடாது.

இனி விளையாட்டு. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறிய குழந்தைகள் பெரும்பாலும் சேர்ந்து விளையாடுவதில்லை, ஒருவர் பக்கத்தில் ஒருவர் தனித்தனியாக விளையாடுகிறார்கள் என்று காட்டினார். நீங்கள் வளர்த்த இரண்டு பிள்ளைகளிடமும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே தோற்றவர் வெளியேறும் போட்டி எதுவும் வேண்டாம். பெரிய அட்டைப் பெட்டிகள், களிமண் மாவு, தண்ணீரில் கரையும் வண்ணம், தரையில் விரித்த பெரிய தாள், இவை போதும். ஒரே பொருளை ஒன்றுக்கு மூன்றாக வையுங்கள். பாதிச் சண்டை வராது. ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையை இழுத்து நடுவில் விடாதீர்கள். பார்த்துக்கொண்டிருப்பதும் அந்தக் குழந்தைக்கு விளையாட்டுதான்.

அழுகைக்குப் பாதிக் காரணம் உங்கள் நேரம். மாலை 4 மணிக்கு இந்த வயதுப் பிள்ளைகள் ஏற்கெனவே களைத்திருப்பார்கள். 3 மணி நேரத்தை அவர்களால் தாங்க முடியாது. காலையில் வையுங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். மீதிக் காரணம் அந்த முகமூடி. அசையாத முகத்தைப் பார்த்து 2, 3 வயதுக் குழந்தைகள் அஞ்சுவது இயல்பு. வேடிக்கை காட்டுபவர் வெறும் முகத்தோடு வந்து கதை சொல்லட்டும்.

அழைப்பு அனுப்புவதற்கு முன் மகளைக் கூப்பிட்டு, அவளுடைய தோழிகளில் இரண்டு பேரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கென்று வேறு இடமும் வேறு விளையாட்டும் ஒதுக்குங்கள். அன்றைக்கு யாராவது ஒரு சின்னக் குழந்தை அழுதால், அவள் பழக்கத்தில் எழுந்து வருவாள். அப்போது நீங்கள் முந்திக்கொண்டு எழுந்து, அவளைப் பெயர் சொல்லி அழைத்து, "நீ போய் விளையாடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள்.