திதியா, தேதியா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் தவறிவிட்டார். வருஷாவருஷம் அதே தேதியில் படைக்கிறோம். சாஸ்திரிகள் அது திதி இல்லை என்கிறார். எந்த நாளில் கொடுப்பது? – ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: படையல் தேதியிலேயே இருக்கட்டும், அதில் குற்றமில்லை. வருஷத் திதி, அதாவது சிராத்தம் கொடுக்கத்தான் உயிர் பிரிந்த நேரத்துத் தமிழ் மாதம், பட்சம் (வளர்பிறையா, தேய்பிறையா), திதி (சந்திரன் கணக்கில் நாள்) மூன்றும் வேண்டும். அன்று மார்கழி 11, பௌர்ணமி. எனவே வருஷாவருஷம் மார்கழி பௌர்ணமியில் கொடுங்கள். சில வருஷம் அது ஜனவரியிலும் வரும்.

பௌர்ணமி இரண்டு நாளில் பரவி நின்றால் பலரும் சூரிய உதயத்தைப் பார்த்து நாளை மாற்றிவிடுகிறார்கள். சிராத்தத்துக்குப் பார்க்க வேண்டியது அபராஹ்னம். பகலை ஐந்தாகப் பங்கிட்டால் நான்காம் பங்கு அது. ஆறு மணிக்கு விடிந்து ஆறுக்கு அடையும் நாளில் பகல் 1.12 முதல் 3.36 வரை. அந்த நேரத்தில் திதி எந்த நாளில் இருக்கிறதோ அதுவே உங்கள் நாள். காலண்டரில் திதி முடியும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

விபத்தில் போனவர்களுக்கு மகாளய பட்சத்து (மகாளய அமாவாசைக்கு முந்தைய தேய்பிறை) சதுர்த்தசியிலும் கொடுப்பதுண்டு. அது கூடுதல்தான், வருஷத் திதிக்கு மாற்று அல்ல. மாதம் தெரிந்து திதி தெரியாதவர்கள் அந்த மாத அமாவாசையில் கொடுக்கலாம்.

கேள்வி: அமாவாசைத் தர்ப்பணத்தில் எள் எவ்வளவு? அம்மா இருக்கிறார், அவர் வரிசையை விட்டுவிடலாமா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கருப்பு எள், ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிட்டிகை போதும். கைப்பிடியாக எடுத்தால் தண்ணீர் இறங்காமல் உள்ளங்கையில் அப்பிக்கொள்ளும். பவித்ரம் (விரலில் போடும் தர்ப்பை மோதிரம்) மூன்று தர்ப்பையில். இரண்டு தர்ப்பை சுப காரியத்துக்கு. தெற்கு நோக்கி, பூணூல் வலத்தோளில். தண்ணீர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே கூர்ச்சத்தின் (தர்ப்பை முடிச்சு) மேல் விழ வேண்டும். விரல் நுனி வழியாக விட்டால் அது தேவதீர்த்தம், தேவர்களுக்கு விடும் முறை. இந்தப் பிழைதான் அதிகம்.

வரிசையை விட வேண்டாம். அம்மாவின் பெயரை விட்டு, பாட்டியில் தொடங்கி மேலே மூன்று தலைமுறை சொல்லுங்கள்.

கேள்வி: பித்ரு தோஷம் (முன்னோர் காரியக் குறை) என்று ஜோதிடர் தில ஹோமம் (எள் ஹோமம்) செய்யச் சொல்கிறார். ராமேஸ்வரமா, திலதர்ப்பணபுரியா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: இரண்டும் பித்ரு காரியத்துக்குப் பேர்போன ஊர்கள்தான். ஆனால் வீட்டில் வருஷத் திதி தவறாமல் நடக்கிறதா? நின்றுபோயிருந்தால் அந்தச் செலவை முதலில் அதற்கு வையுங்கள். வருஷத் திதியை விட்டுவிட்டு ஹோமம் மட்டும் செய்வது, அசலைத் தொடாமல் அபராதம் கட்டுகிற கதை.