கணினி கேள்வி-பதில்: அழித்தும் போகாத கடிதங்கள்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீட்டிலேயே துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். மாணவர்களைச் சேர்க்கும்போது பெற்றோர் அனுப்பிய அடையாள அட்டைப் படங்கள் பல வருடங்களாக மின்னஞ்சலில் கிடந்தன. ஜிமெயில் கணக்கு, மடிக்கணினியில் கடிதங்களைப் படிக்க தண்டர்பேர்டு மென்பொருள். எல்லாவற்றையும் ஷிப்ட்-டெலீட் கொடுத்து அழித்துவிட்டேன். ஆனால் அண்ணன் மகன் இன்பாக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து, அழித்த கடிதத்திலிருந்த பெயர், முகவரியை அப்படியே காட்டுகிறான். மடிக்கணினியை விற்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு விற்காதீர்கள் அம்மா. பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்.

தண்டர்பேர்டு ஒரு கோப்புறையின் கடிதங்களை எல்லாம் வழக்கமாக ஒரே நீளக் கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கும். நீங்கள் அழிக்கும்போது அந்தக் கடிதத்தின் மேல் 'இது அழிக்கப்பட்டது' என்று குறி மட்டும் போடும். எழுத்து அங்கேயே இருக்கும். கணக்குப் பேரேட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு ஏட்டை மூடுவது மாதிரிதான். அது நிஜமாகப் போக, 'கம்பேக்ட் ஃபோல்டர்ஸ்' கொடுக்க வேண்டும். ஃபைல் மெனுவில் இருக்கிறது. மெனு தெரியவில்லை என்றால் ஆல்ட் விசையை அழுத்துங்கள். வேண்டிய கடிதங்களை மட்டும் புதுக் கோப்பில் எழுதி, பழையதை நீக்கிவிடும். அதனால் வட்டில் கொஞ்சம் காலி இடம் வேண்டும். நடுவில் கணினியை அணைக்காதீர்கள்.

அப்புறம் ஜிமெயில். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஷிப்ட்-டெலீட் என்றால் நிரந்தரம் என்று நினைப்போம். ஆனால் ஜிமெயில் அமைப்பை நீங்கள் மாற்றியிருக்காவிட்டால், ஐமேப் (தண்டர்பேர்டு ஜிமெயிலோடு தொடர்புகொள்ளும் முறை) வழியாக இப்படி அழித்த கடிதத்தை அது 'ஆல் மெயில்' பகுதியில் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஆகவே உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, அந்தப் பெற்றோரின் பெயரைத் தேடி, அகப்பட்டதைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பி, அதைக் காலி செய்யுங்கள். விட்டுவைத்தால் 30 நாளில் தானே போகும், ஆனால் உங்கள் விஷயத்தில் ஏன் காத்திருக்க வேண்டும்? முதலில் ஜிமெயில், பிறகு கம்பேக்ட் என்ற வரிசையில் செய்யுங்கள்.

விற்பதற்கு முன் விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்து, கூடுதல் அமைப்பில் 'கிளீன் டேட்டா'வையும் இயக்குங்கள். நேரம் பிடிக்கும், இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். சிம் லிம் ஸ்குவேர் கடைக்காரர் அழித்துத் தருகிறேன் என்றாலும் நீங்களே செய்துவிட்டுக் கொடுங்கள்.

கட்டண ரசீதுகளை மட்டும் இந்த வேகத்தில் சேர்த்து அழித்துவிட வேண்டாம். தொழில் கணக்குகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. ரீசெட் செய்யுமுன் நகல் எடுத்துவிடுங்கள்.

அடையாள அட்டைப் படத்தை இனி வாங்கவே வாங்காதீர்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களிலும், ஆளைத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டிய இடங்களிலும் தவிர, நிறுவனங்கள் அட்டையின் நகலைப் பெறக்கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கணக்குப் பாடம் சொல்லித்தர அது எதற்கு? பெயரும் கைப்பேசி எண்ணும் போதும்.