அமெரிக்காவின் மெமோரியல் டே போல, போரில் இறந்த வீரர்களுக்கு நம் ஊர்ப் பக்கம் ஒரு நாள் உண்டா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் அமெரிக்காவில் இருப்பவர் என்று தோன்றுகிறது. மே மாதக் கடைசித் திங்கள் லீவு விட்டதும் ஊர் நினைப்பு வந்திருக்கும்.

அரசு விடுமுறையாக அப்படி ஒரு நாள் இங்கே இல்லை. டிசம்பர் 7 கொடி நாள், 1949-லிருந்து நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்துச் சட்டையில் சின்னக் கொடி குத்திக்கொண்டிருப்பீர்கள். படைவீரர் குடும்பங்களுக்கு நிதி சேர்க்கிற நாள் அது. ஜூலை 26 கார்கிலுக்கு, டிசம்பர் 16 வங்கதேசப் போருக்கு. இரண்டும் வெற்றியின் பெயரில் இருப்பவை.

அமெரிக்கர்களுடைய நாள் கல்லறையிலிருந்து வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து, 1868 மே 30 அன்று, முன்னாள் வீரர் சங்கத்துக்குத் தலைவராக இருந்த ஜான் லோகன் கேட்டுக்கொண்டபடி, ஆர்லிங்டனில் போய்க் கல்லறைகளுக்குப் பூ வைத்தார்கள். அதனால் ரொம்ப காலம் 'டெக்கரேஷன் டே' என்றே பெயர். 1971-லிருந்துதான் கடைசித் திங்கள் என்று ஆனது.

அதே 1971-இல்தான் எங்கள் மாமா இறந்தார். அப்பாவின் அக்கா வீட்டுக்காரர். காங்கயம் பக்கத்து விவசாயி, மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். டிசம்பர் 16 போர் முடிந்து, ரேடியோ கேட்டு ஊரே சந்தோஷப்பட்ட மூன்றாம் நாள் தந்தி வந்தது. உடல் வரவில்லை. அந்தக் காலத்தில் போர்முனைக்குப் பக்கத்திலேயே எரித்துவிடுவார்கள். வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்து சேர்ப்பது கார்கில் போரில்தான் வழக்கமானது. வந்தது ஒரு தகரப் பெட்டி. உள்ளே துணி, அத்தை எழுதிய கடிதங்கள், பாதி தீர்ந்த சோப்பு.

பூ வைக்க இடம் இல்லை. அத்தை மூன்று மாசம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். அப்பாருதான், அதாவது தாத்தாதான், கொறங்காட்டில் (ஆடு மாடு மேய்கிற மானாவாரி நிலம்), கிளுவை வேலி ஓரமாக, இடுப்பளவு கல் ஒன்றை நட்டார். உருவம், எழுத்து எதுவும் கிடையாது. புலியோடு சண்டை போட்டு இறந்தவனுக்குப் புலிகுத்திக்கல் நட்ட ஊர்கள் நம்முடையவை. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. அப்பாரு எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்குத் தெரிந்ததைச் செய்தார்.

எந்த நாளில் கும்பிடுவது என்ற பேச்சு வந்தபோது அத்தை ஆடி பதினெட்டு என்றாராம். "சங்ககிரியில தூக்குல போட்டவருக்கும் அன்னிக்குத்தானுங்க, இவருக்கும் அன்னிக்கே இருக்கட்டும்." தீரன் சின்னமலையை 1805-இல் ஆங்கிலேயர்கள் தூக்கிலிட்டது ஆடிப் பதினெட்டில்தான். ஈரோடு மாவட்டத்து ஓடாநிலையில் இன்றும் அவருக்கு அரசு விழா நடக்கிறது. சின்னமலை பெயரை எடுத்ததும் சாதியைக் கொண்டுவர வேண்டாம். அத்தைக்கு அவர் சண்டை போட்டுச் செத்த ஒரு மனிதர், அவ்வளவுதான். போரைப் புகழ்கிறேன் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். போர் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவள் நான்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெயருக்கு ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, பட்டாளத்துக் காகிதத்தில் வேறு எழுத்து என்று சொல்லி அத்தையின் பென்ஷனை ஏழு மாசம் நிறுத்தி வைத்தார்கள். எழுபது வயதுக்கு மேல் பஸ் ஏறிப் போய், நான்தான் அவர் பெண்டாட்டி என்று ஒரு மேசைக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. உட்காரக்கூடச் சொல்லவில்லை என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி. டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரியில் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த வீரர்கள் கிட்டத்தட்ட 26,000 பேரின் பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. அந்த வருஷம் நவம்பரில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். வெகுநேரம் தேடினோம். கிடைத்ததும், "இதுதான் அத்தை" என்று காட்டினேன். அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மஞ்சள் கிழங்கு. "கண்ணு, இங்க தண்ணி ஊத்த உடுவாங்களா?" என்றார். விட மாட்டார்கள் என்றேன். முடிச்சை மறுபடி கட்டிக்கொண்டார்.

அந்தக் கிழங்கை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து, அடுத்த ஆடி வரைக்கும் காத்திருக்காமல், மறுநாளே இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி உள்ள காட்டுப் பாதை) வழியாக நடந்து போய்க் கல்லுக்கு அரைத்துப் பூசினார். இப்போது முட்டி வலி, அவ்வளவு தூரம் நடக்க முடிவதில்லை. இந்த ஆடிக்குக் குடத்தை நான் எடுத்துப் போனேன். திரும்பி வந்ததும், கல்லைச் சுத்தியும் நனைஞ்சுதா என்று இரண்டு தடவை கேட்டார்.