குரோஷா யோக்: கணக்கும் கை வேலையும்

பாப்பா கவுன், நைட்டி, சுடிதார் டாப் ஆகியவற்றின் கழுத்துக்கு வைக்கும் குரோஷா யோக் (கொக்கி ஊசியால் பின்னிய கழுத்து, தோள் பகுதி) பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். பதில்களில் வரும் டபுள், சிங்கிள் எல்லாம் அமெரிக்க முறைப் பெயர்கள். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடுவது டபுள்; சுற்றாமல் போடுவது சிங்கிள். ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்கும் வெறும் சங்கிலி வளையம்தான் செயின்.

என் 5 வயது மகளுக்கு காட்டன் கவுனில் சதுர யோக் போட ஆசை. வீடியோவில் சொன்ன செயின் எண்ணிக்கையில் போட்டேன், தலையே நுழையவில்லை. எத்தனை செயினில் ஆரம்பிக்க வேண்டும்?
– வாசகி, விருதுநகர்

வீடியோவில் சொல்லும் எண்ணிக்கை அவருடைய நூலுக்கும் அவருடைய கைக்கும்தான் பொருந்தும். உங்கள் எண்ணிக்கையை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதே நூல், அதே ஊசியில் 4 அங்குலச் சதுரமாக ஒரு மாதிரி போட்டு, துவைத்து, காயவைத்து, நடுவில் 3 அங்குலத்துக்கு எத்தனை டபுள், எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். ஓரங்களை எண்ணாதீர்கள், அங்கே எப்போதும் இறுக்கமாகவோ தளர்வாகவோதான் இருக்கும்.

அங்குலத்துக்கு 6 டபுள், 3 வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கழுத்துச் சுற்று 14 அங்குலம் வேண்டுமானால் 14 × 6 = 84. இதில் நாலு மூலைக்கு ஒவ்வொன்று போக மீதி 80. முன்பக்கம் 26, பின்பக்கம் 26, கைக்கு 14, 14.

தலை நுழையாததற்குக் காரணம் வேறு. இந்த வயதில் தலைச்சுற்று 20 அங்குலம் வரை இருக்கும். டபுள் பின்னல் பனியன் துணி மாதிரி இழுபடாது, 14 அங்குலக் கழுத்து 20க்கு விரியவே விரியாது. பின்பக்கம் ஒரு திறப்பு வையுங்கள். திறப்பின் நீளம் இரண்டு மடங்காகக் கழுத்தோடு சேரும். 4 அங்குலத் திறப்பு என்றால் 14 + 8 = 22. தாராளமாக நுழையும்.

எனவே வட்டமாக இணைக்காமல் திருப்பித் திருப்பி வரிசையாகப் போடுங்கள். 86 செயின் போட்டு, ஊசியிலிருந்து 4வது செயினில் முதல் டபுள். விட்ட 3 செயின் ஒரு டபுளாகக் கணக்கு, மொத்தம் 84. முதல் வரிசையிலேயே பிரித்துவிடலாம்: பின்பக்கப் பாதி 13, மூலை, கை 14, மூலை, முன் 26, மூலை, கை 14, மூலை, பின்பக்க மறுபாதி 13. மூலை என்றால் ஒரே செயினுக்குள் 2 டபுள், 2 செயின், 2 டபுள். அடுத்த வரிசைகளில் அந்த 2 செயின் இடைவெளிக்குள் இதையே போட வேண்டும். வரிசைக்கு 16 டபுள் கூடும்.

12 வரிசை முடிந்தால் ஆழம் 4 அங்குலம். முன்பக்கம் 74, பின் பாதிகள் 37, 37, கை ஒவ்வொன்றும் 62. எண்ணிப் பாருங்கள், ஒரு மூலையில் பிசகினால் யோக் ஒரு பக்கமாக இழுக்கும், அது தைத்த பிறகுதான் கண்ணில் படும். 13வது வரிசையில் 37 டபுள் போட்டு, 7 செயின் போட்டு, கையின் 62ஐயும் தாண்டி முன்பக்கத்தில் 74, மறுபடி 7 செயின், கையைத் தாண்டி 37. இங்கே இரண்டு முனைகளையும் இணையுங்கள். மொத்தம் 162, அதாவது 27 அங்குலம். 24 அங்குல மார்புக்கு 3 அங்குலத் தளர்வு கிடைக்கும். பாவாடைப் பகுதிக்கு ஒன்றரை மடங்கு சுருக்கு வைத்தால் 40 அங்குலம் சொச்சம். 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணி குறுக்கே ஒரு சுற்றுக்குப் போதும், ஒட்டு வேண்டாம்.

திறப்பின் ஓரங்களில் ஒரு வரிசை சிங்கிள் போட்டு, ஒரு பக்கம் செயின் காதும் மறுபக்கம் தட்டைப் பொத்தானும் வையுங்கள். குழந்தை மல்லாந்து படுக்கும்போது உருண்டைப் பொத்தான் உறுத்தும்.

மேலே சொன்ன மாதிரி யோக்குக்கு நூல் எவ்வளவு வாங்குவது? பாதியில் தீர்ந்து, அதே நிறம் கிடைக்காமல் திண்டாடுகிறேன்.
– வாசகி, தஞ்சாவூர்

மாதிரிச் சதுரத்தில் 10 டபுளைப் பிரித்து நூலை நேராக்கி அளந்து பாருங்கள். 60 செ.மீ. வந்தால், அந்தப் பாப்பா யோக்கின் 12 வரிசைகளில் உள்ள 2,208 டபுளுக்கு சுமார் 132 மீட்டர். மூலைச் செயின், கழுத்து ஓரம், கைப்பகுதி ஓரத்துக்குச் சேர்த்து 160 மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். லேபிளில் ஷேட் எண்ணோடு லாட் எண்ணும் இருக்கும். ஒரே ஷேட் ஆனாலும் லாட் மாறினால் சாயம் சற்று மாறும். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியாது, மார்பில் வட்டமாக வரும்போது கோடு கிழித்த மாதிரி தெரியும். ஏற்கெனவே தீர்ந்துவிட்டதா? கடைசி இரண்டு வரிசைக்கு வேண்டுமென்றே வேறு நிறம் போட்டு, அதே நிறத்தைக் கழுத்து ஓரத்திலும் ஓடவிடுங்கள்.

நைட்டிக்கு வட்ட யோக் போட்டேன். கீழ் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கிறது. சுற்றுக்கு 12 கூட்டச் சொன்னார்களே?
– வாசகி, நாகர்கோவில்

12 என்பது தட்டையாக மேஜையில் கிடக்கும் விரிப்புக்கான கணக்கு. வட்டத்தின் ஆரம் ஒரு அங்குலம் கூடினால் சுற்றளவு 6.28 அங்குலம் கூடும். டபுள் வரிசையின் உயரம் மூன்றில் ஒரு அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு 2.1 அங்குலம், உங்கள் நூலில் 12 அல்லது 13 டபுள். விரிப்புக்கு அது சரி. தோள் மேஜை அல்லவே, சரிகிறது. தட்டை வட்டத்துக்கு வேண்டிய அளவு துணி அங்கே தேவையில்லை, மிஞ்சுவதுதான் நெளிகிறது.

இஞ்ச் டேப்பை எடுங்கள். கைகளைத் தொங்கவிட்டு, யோக் முடிய வேண்டிய இடத்தில் மேற்கையையும் சேர்த்துச் சுற்றி அளக்க வேண்டும். 42 அங்குலம் வருகிறது என்றால், கையைத் தூக்கத் தளர்வு 2 சேர்த்து 44. கழுத்து 24. ஆக, கூட வேண்டியது 20 அங்குலம்தான். 5 அங்குல ஆழத்துக்கு 15 சுற்று; 20 × 6 = 120 டபுளை 15 சுற்றில் பிரித்தால் சுற்றுக்கு 8. நீங்கள் போட்டது 12. ஒவ்வொரு சுற்றிலும் 4 மிகை, 15 சுற்றில் 60 டபுள். 10 அங்குலம் அதிகத் துணி அங்கே நிற்கிறது!

இந்த 8ஐ எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்தில் கூட்டாதீர்கள்; வட்டம் எண்கோணமாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டும் இடத்தை நாலைந்து டபுள் தள்ளி வையுங்கள். அன்னாசி, விசிறி மாதிரி டிசைன் என்றால் டபுளைக் கூட்டுவதைவிட இடையில் வரும் செயினை 2லிருந்து 3, 3லிருந்து 4 என்று நீட்டுவது அழகாக வரும். நெளிவதற்கு மாறாக ஓரம் உள்ளே குவிந்து தோளைப் பிடித்தால் கூட்டியது போதவில்லை என்று அர்த்தம்.

ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் போடும்போது டபுள்கள் ஒரு பக்கம் சாயும், சுற்று சேரும் தழும்பும் சாய்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் வேலையைத் திருப்பிப் போட்டால் தழும்பு நேராக நிற்கும்.

பழைய ஆங்கிலப் புத்தகம் பார்த்துப் போட்ட யோக், சொன்ன அளவைவிடப் பெரிதாகவும் தொளதொளவென்றும் வந்தது.
– வாசகி, கோவை

பிரிட்டிஷ் முறைப் புத்தகமாக இருக்கும். அவர்கள் ட்ரெபிள் என்பது நம் டபுள். அவர்கள் டபுள் என்பது நம் சிங்கிள். நீங்கள் எல்லாவற்றையும் ஒரு படி உயரமாகப் போட்டுவிட்டீர்கள். ட்ரெபிள் வரிசையின் தொடக்கத்தில் 3 செயின் போடச் சொன்னால் அது பிரிட்டிஷ், 4 என்றால் அமெரிக்கன்.

கழுத்து ஓரம் மட்டும் இறுகி, யோக் கழுத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முழுவதும் பிரிக்காமல் வழி உண்டா?
– வாசகர், ஈரோடு

ஆரம்பச் சங்கிலியை இறுக்கிப் போட்டதன் விளைவு. அடுத்த முறை சங்கிலிக்கு மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசி எடுங்கள்.

போட்டு முடித்ததைக் காப்பாற்றவும் முடியும், பொறுமை வேண்டும். மழுங்கிய ஊசியில் வேறு நிற நூல் கோத்து, முதல் வரிசையின் ஒவ்வொரு டபுளின் அடியில் உள்ள வளையத்திலும் விட்டுக்கொண்டே போங்கள். ஒன்று விட்டாலும் அந்த இடம் ஓட்டையாகும். பிறகு முனையிலிருந்து ஆரம்பச் சங்கிலியை ஒவ்வொரு செயினாக வெட்டி எடுத்துவிட்டு, நூல் பிடித்திருக்கும் வளையங்களில் பெரிய ஊசியால் தளர்வாக ஒரு வரிசை சிங்கிள். முன்பக்கம் மட்டும் தொண்டையை அழுத்துகிறது என்றால் இவ்வளவு வேலை வேண்டாம். முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் இருப்பதுதான் அங்கே கோளாறு. பின்கழுத்தில் மட்டும் இரண்டு குட்டை வரிசை டபுள் சேர்த்து, முனைகளைச் சிங்கிளாகத் தாழ்த்தி முடியுங்கள். பின்பக்கம் உயர, முன்பக்கம் இறங்கும்.

யோக்கைத் துணியோடு இணைக்கும் இடத்தில் இரண்டே துவைப்பில் பிய்ந்துவிடுகிறது. டெய்லர் மெஷினில் அடித்துக் கொடுத்ததுதான்.
– வாசகி, திண்டுக்கல்

யோக் வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. பலரும் அவசரப்படுவதும் இங்கேதான். மெஷின் தையல் பின்னலின் ஓட்டைகளில் பாதியும் நூலில் பாதியுமாக விழும். நூலில் விழுந்த இடத்தில் ஊசி இழையைக் குத்திக் கிழித்துவிடும். ஓட்டையில் விழுந்தது எதையும் பிடிக்காது.

முதலில் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். காட்டன் துணி சுருங்கி யோக் சுருங்காவிட்டால் சேரும் இடம் அலைஅலையாக நிற்கும். யோக்கையும் ஒருமுறை நனைத்து எடுங்கள். அடர் சிவப்பு, மெரூன் நூலென்றால் ஈரத்திலேயே வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். சாயம் இறங்கினால் உப்பில் ஊறவைத்து நிறுத்திவிடலாம் என்று நம்பாதீர்கள். அந்த நூலை வெள்ளைத் துணியில் வைக்காமல் விடுவதுதான் வழி.

துணியின் மேல் ஓரத்துக்குச் சுருக்கு வைத்து, யோக்கின் கீழ் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஓரத்தைக் குறுக்கு வெட்டுத் துணியால் பைப்பிங் மாதிரி கால் அங்குலப் பட்டியாக மூடிவிடுங்கள். பட்டியின் விளிம்பில் யோக் நூலாலேயே பிளாங்கெட் தையல் (போர்வை ஓரத்தில் போடும் தையல்), அங்குலத்துக்கு 6. தையல் ஆழம் மூன்று, நாலு மி.மீ. இருக்கட்டும், விளிம்பை ஒட்டிப் போட்டால் துணி இழை பிரிந்துவிடும். அந்தத் தையல் கால்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிங்கிள் போட்டால், அங்குலத்துக்கு 6 டபுள் உள்ள யோக்கோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். இரண்டு ஓரங்களையும் நேருக்கு நேர் வைத்து, இரண்டு பக்க வளையத்திலும் நூலை ஒரே இழுப்பில் இழுக்கும் ஸ்லிப் தையலால் இணையுங்கள். 20ஆம் நம்பர் மெல்லிய நூலென்றால் ஒரு காலுக்கு இரண்டு சிங்கிள்.

தொடங்கும் முன் யோக்கையும் துணியையும் நாலாக மடித்து, கால் பகுதிகளில் நிற நூலால் அடையாளம் வைத்து, அந்த நாலு இடத்தையும் முதலில் கட்டிவிடுங்கள். அப்புறம் சுருக்கு ஒரு பக்கமே குவியாது.

நைட்டிக்கு இன்னொரு விஷயம். மூன்று மீட்டர் துணியின் எடை முழுவதும் யோக்கில் தொங்கும், நனைந்தால் இன்னும் கூடும். தோள் கோட்டில் உள்பக்கமாக அரை அங்குலக் காட்டன் நாடா வைத்து ஹெம்மிங் செய்யாவிட்டால் கழுத்து இறங்கிக்கொண்டே போகும். இதற்கு ஊல் என்று விற்கும் அக்ரிலிக் நூலும் வேண்டாம். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். மெர்சரைஸ்டு (பளபளப்பு ஏற்றிய) காட்டன்தான் சரி. 10, 20, 40 என்று எண் கூடக்கூட நூல் மெல்லிசு: 10க்கு 1.5 அல்லது 1.75 மி.மீ. ஊசி, 20க்கு 1.25, 40க்கு 1 மி.மீ. அல்லது அதற்கும் கீழே.

கடையில் விற்கும் ரெடிமேட் குரோஷா யோக் கையால் போட்டதா?
– வாசகி, சேலம்

பெரும்பாலும் இல்லை. கரையக்கூடிய அடித்துணியில் மெஷின் எம்பிராய்டரி போட்டு, பிறகு அடித்துணியைக் கரைத்துவிடுவார்கள். எஞ்சுவது குரோஷா மாதிரித் தெரியும் லேஸ். உற்றுப் பாருங்கள். நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய மெல்லிய தையல் நூல்தான் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த செயின் வளையம் இருக்காது. உண்மையான குரோஷாவை ஆலை அளவில் போட்டுத் தரும் மெஷின் இன்னும் புழக்கத்தில் இல்லை. கைவேலைதான் வேண்டுமென்றால் ஆந்திராவின் நரசாபுரம் பகுதி குரோஷா லேஸ் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்றது. தோளில் வைக்க ரெடிமேட் வாங்கினாலும் குற்றமில்லை, ஆனால் அதன் ஓரத்தை வெட்டிச் சின்னதாக்காதீர்கள், பிரிந்துகொண்டே வரும்.

துவைத்த பிறகு யோக் சுருண்டுகொள்கிறது. கஞ்சி போடலாமா?
– வாசகி, மன்னார்குடி

போடலாம், மெல்லிசாக. கொடியில் தொங்கவிடாதீர்கள். துண்டில் உருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, பாயில் காய்ந்த துண்டு விரித்து அதன்மேல் வடிவாக்கிக் காயவிடுங்கள். மூலைகளை இழுத்துக் குண்டூசி குத்துவதானால் துருப்பிடிக்காத ஊசி வேண்டும். ஈர நூலில் சாதாரணக் குண்டூசி ஒரே இரவில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். இஸ்திரி பின்பக்கம் மட்டும், தடித்த துண்டின்மேல், லேசான ஈரத் துணி போட்டு. அழுத்தித் தேய்த்தால் டிசைனின் மேடு படுத்துவிடும்.

நாள்கணக்கில் பெட்டியில் எடுத்து வைப்பதாக இருந்தால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். கஞ்சியோடு நூலையும் சேர்த்தே அரித்துவிடும்.